தலை நிற்கும் காலம்: குழந்தையின் கழுத்து உறுதியும் முதல் அசைவுகளும்

ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் இளந்தாய்மார் மூன்றாம், நான்காம் மாதங்களில் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தலை இன்னும் நிற்கவில்லையே, நான் வேலைக்குத் திரும்ப வேண்டுமே, என்ன செய்வது?" கேள்வியின் முற்பகுதி குழந்தையைப் பற்றியது, பிற்பகுதி இத்தொழிற்பகுதியின் வாழ்க்கையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தே விடை கூற வேண்டியுள்ளது.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான ஊதிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. இதில் 8 வாரங்கள் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் பலர் அவ்வாறே எடுக்கின்றனர். அப்படியாயின் அவர்கள் மீண்டும் கம்பெனிப் பேருந்தில் ஏறும் நாளில் குழந்தையின் அகவை 18 வாரங்கள், அதாவது நான்கு மாதங்களைச் சற்றே கடந்த பருவம். கழுத்து உறுதிப்படுவதும், குழந்தை குப்புற விழ முயல்வதும் அப்பருவத்தில்தான். அந்நாள் முதல் குழந்தை பாட்டியின் கைக்கோ, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைக்கோ, காப்பகத்தின் கைக்கோ மாறுகிறது. ஆகவே இப்பாடம் தாய்க்கு மட்டும் உரியதன்று. குழந்தையைத் தூக்கும் எல்லாக் கைகளுக்கும் உரியது.

கழுத்து ஏன் முதலில்?

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்க்கு அது எட்டில் ஒரு பங்களவே. இத்துணைப் பெரிய சுமையைத் தாங்கும் தசைகளோ கருவறையில் நீரில் மிதந்து பழகியவை. புவியீர்ப்பை எதிர்த்து இதுவரை உழைத்தறியாதவை. மூளையின் கட்டுப்பாடும் தலையிலிருந்து கீழ்நோக்கியே பரவுகிறது. முதலில் கழுத்து, பின்னர் தோளும் மார்பும், பின்னர் இடுப்பு, இறுதியாகக் கால்கள். இவ்வரிசையில் அடித்தளம் கழுத்தே. தலை நிலைத்தால்தான் கண் ஒரு பொருளில் நிலைக்கும். கண் நிலைத்தால்தான் கை அப்பொருளை நோக்கி நீளும்.

நம் முன்னோர் இதனைக் கூர்ந்து கண்டிருக்கின்றனர். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுப்பன. அவற்றுள் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்திற்கு உரியது. ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடும் நிலை அது. இன்று இயன்முறை மருத்துவர் ஐந்து மாதக் குழந்தையைப் பாயில் குப்புறக் கிடத்தி எதைத் தேடுகிறாரோ, அதையே புலவர்கள் பாடியிருக்கின்றனர். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி கை கொட்டும் பருவம்; ஓராண்டை ஒட்டிய வருகைப் பருவம் தளர்நடைக்குரியது. இன்றைய அளவுகோல்களிலிருந்து இவை வெகுதூரம் விலகியவை அல்ல.

எந்த மாதம், எவ்வளவு?

பிறந்த குழந்தை குப்புறக் கிடக்கையில் மூச்சுக்காகத் தலையை ஒரு புறம் திருப்ப இயலும், அவ்வளவே. ஒரு மாதத்தில் மோவாயை நொடிப்பொழுது தூக்கும். இரண்டாம் மாதத்தில் தலை சாய்கோணமாக உயரும். மூன்றாம் மாதத்தில் முழங்கைகளை ஊன்றி மார்பின் மேற்பகுதியைத் தூக்கும். நான்காம் மாதம் முடிவதற்குள், நிமிர்த்திப் பிடித்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். இதைத்தான் நாம் 'தலை நின்றுவிட்டது' என்கிறோம். ஆறாம் மாதத்திற்குள் கைகளை நீட்டி ஊன்றிச் செங்கீரை ஆடும், புரளும், கைகொடுத்தால் சற்று உட்காரும்.

அதன்பின் வருவனவற்றில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு பெரிது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட அளவுகளின்படி, துணையின்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் நிகழலாம். அவ்வாய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழங்காலிட்டுத் தவழாமலேயே நடக்கத் தொடங்கின. எனவே எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று வருந்துவது தேவையற்றது. ஆனால் கழுத்து நிலைப்பதில் இத்துணை இடைவெளி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் வரும் படிகளில் காட்டும் பொறுமையை நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காத குழந்தையிடம் காட்டலாகாது.

தடுப்பூசி நாள்கள் இதற்கு இயல்பான நினைவூட்டல். 6, 10, 14 ஆம் வாரங்களில் குழந்தையை எப்படியும் அழைத்து வருகிறீர்கள். ஊசி போடும் முன் ஒரு நிமிடம் குப்புறக் கிடத்திப் பார்க்குமாறு செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தரையில் கிடத்துதல்

கழுத்துக்கான முதன்மைப் பயிற்சி எளியது: குழந்தை விழித்திருக்கும்போது, ஒருவர் அருகில் இருக்கும்போது, குப்புறக் கிடத்துதல். ஓராண்டு நிரம்பாத, இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 30 நிமிடங்கள், பல தவணைகளாக, இந்நிலை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. உறங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்தே கிடத்த வேண்டும். 1992 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புற உறங்க வைத்தலைத் தவிர்க்கச் சொன்ன பின்னர், அந்நாட்டில் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. உறக்கத்தில் மல்லாந்து, விழிப்பில் குப்புற என்பதை வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றுபோல் அறிந்திருத்தல் நலம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்போர் உண்டு. உறங்கும் குழந்தைக்குத் தலையணை எதுவும் வேண்டாம். விழிப்பில் குப்புறக் கிடக்கும் நேரம் கூடினாலே தலையின் பின்புறம் தட்டையாவது குறையும்.

முதல் மாதத்தில் தரை தேவையில்லை. தாயின் மார்பே போதும். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை மார்பின்மேல் குப்புறக் கிடத்திப் பேசுங்கள். குரல் வரும் திசையில் தலையைத் தூக்கப் பார்க்கும். இரண்டு நிமிடம் போதும். நாளைக்கு நான்கைந்து முறை. தந்தையின் மார்பும் இதற்குப் பொருந்தும். இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி வரும் தந்தையர், காலையில் குழந்தை விழித்திருக்கும் அரைமணி நேரத்தை இதற்கென வைத்துக்கொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பின்னர் தரைக்கு வாருங்கள். பாயின்மேல் ஒரு பருத்தி விரிப்பு போதும். மெத்தை வேண்டாம், அதில் கை அமிழ்ந்து ஊன்ற இடமின்றிப் போகும். பால் குடித்து அரைமணி நேரமாவது கழியட்டும். குழந்தையின் முகத்துக்கு நேராக நீங்களும் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தம்ளர், சிவப்புத் துணி, கிலுகிலுப்பை, எது வேண்டுமானாலும் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தொலைவில் வைத்து மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். மார்பைத் தூக்க இயலாமல் சிணுங்கினால் துண்டு ஒன்றைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே கொடுங்கள். கைகள் துண்டுக்கு முன்னே இருக்கட்டும். அழுகை வலுத்தால் தூக்கிவிடுங்கள். மீண்டும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். தகரக் கூரையோ கல்நார்க் கூரையோ உள்ள அறைகளில் சித்திரை, வைகாசி நண்பகலில் தரைகூடச் சுடும். அம்மாதங்களில் காலையும் மாலையுமே பொருத்தமான வேளைகள்.

பாட்டிமார் காலை நீட்டி மணையில் அமர்ந்து, கணுக்கால்களின்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டும் முறையைப் பலர் இன்று பழமை என்று விட்டுவிடுகின்றனர். எங்கள் கருத்து வேறு. அந்த ஐந்து நிமிடமும் கழுத்துக்கான பயிற்சியே. அதனை 30 நிமிடக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மூக்கில் ஊதுதல், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல், தலையை அழுத்தி உருட்டுதல், கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுதல் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

தூளியும் கைப்பேசியும்

ஓர் அறை வீட்டில் சமையல், துவையல், இன்னொரு குழந்தை என்றிருக்கும் தாய்க்குத் தூளி பெருந்துணை. அதனை விலக்கச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆயினும் தூளியில் உடல் வளைந்து மோவாய் மார்பில் படுகிறது. கழுத்துக்கு வேலையில்லை, கைக்கும் இடமில்லை. குறைமாதக் குழந்தைக்கும் மிகச் சிறு குழந்தைக்கும் அந்த வளைவு மூச்சுப்பாதையை நெருக்கவும் கூடும். அழுகையை அமர்த்தத் தூளி ஆட்டுங்கள்; உறங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்; விழித்த குழந்தையைத் தூளியிலேயே விட்டுவிடாதீர்கள். சாய்வு நாற்காலி போன்றவற்றுக்கும் இதுவே பொருந்தும். விழித்திருக்கும் குழந்தை தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிலும் கட்டுண்டு கிடக்கலாகாது.

கைப்பேசிகள் நம் பகுதித் தொழிற்சாலைகளிலேயே உருவாகின்றன. அதனாலோ என்னவோ, கிடக்கும் குழந்தையின் முன் அவற்றை நிறுத்தி வைக்கும் வழக்கமும் இங்கு மிகுதி. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம். திரையை நோக்கும் குழந்தை தலையைத் திருப்புவதில்லை. மனித முகத்தைத் தேடும் குழந்தை திருப்புகிறது.

நடைவண்டி பற்றியும் ஒரு சொல். இங்கே நடைவண்டி என்பது பழைய மூன்று சக்கர மரவண்டியன்று. குழந்தையை நடுவே உட்கார வைக்கும் வட்ட நெகிழி வண்டி. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியிலும் அடுப்பிலும் மோதிய காயங்களையே தருகிறது. கனடா 2004 இல் இதன் விற்பனையைத் தடை செய்தது. பரிசாக வந்தாலும் பரணில் ஏற்றிவிடுங்கள்.

உரம் விழுதல்

தூக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதாலோ, தலை ஒரு புறம் சாய்ந்தாலோ, 'உரம் விழுந்துவிட்டது' என்று கூறி உரம் எடுப்பவரிடம் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. வேட்டியிலோ சேலையிலோ குழந்தையைக் கிடத்தி, இருவர் முனைகளைப் பிடித்து இப்புறமும் அப்புறமும் உருட்டுவர். கழுத்துத் தசை உறுதிப்படாத குழந்தையின் தலை அவ்வசைவில் கட்டுப்பாடின்றி ஆடுகிறது. வேகமான குலுக்கலில் மூளையைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும். அழுகை தாங்காமல் குழந்தையைக் குலுக்குவதும் இதே தீங்கை விளைவிக்கும்.

மறைந்து நிற்கும் காரணமோ வேறாக இருக்கலாம். பிறப்பின்போது காறை எலும்பில் ஏற்பட்ட முறிவு, காதுத் தொற்று, மூளை உறைத் தொற்று போன்றவை. காய்ச்சலோடு இவ்வாறு அழுதால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

தலை எப்போதும் ஒரே புறம் சாய்ந்து, முகம் மறுபுறம் திரும்பியிருந்தால் அது பெரும்பாலும் கழுத்தின் பக்கத்தசை இறுகிய நிலை. சில குழந்தைகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து அவ்விடத்தில் சிறு கட்டி போலத் தட்டுப்படும். அச்சம் வேண்டாம், ஆனால் முதல் மூன்று மாதங்களுக்குள் இயன்முறைப் பயிற்சி தொடங்கினால் பெரும்பாலோர்க்கு அறுவை மருத்துவமின்றியே சரியாகிவிடும். தசையை நீட்டும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றே செய்ய வேண்டும். வீட்டில் நீங்களாகச் செய்யக்கூடியது: குழந்தை எப்புறம் திரும்பத் தயங்குகிறதோ அப்புறத்திலிருந்து பேசுதல், பாலூட்டல், சன்னல் ஒளி அப்புறம் வருமாறு படுக்கையின் திசையை மாற்றுதல்.

சாலையில்

ஒரகடத்திலிருந்து வண்டலூர், வாலாஜாபாத் செல்லும் சாலையிலும், திருப்பெரும்புதூர் வழிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் இரு சக்கர வண்டியில் பெற்றோர் நடுவே துண்டில் சுற்றிய கைக்குழந்தையை நாள்தோறும் காண்கிறோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அத்தலை முன்னும் பின்னும் அறைகிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மிகாமை என்று விதி உள்ளது. ஒன்பது மாதத்துக்கும் குறைந்த குழந்தையின் கழுத்து தலைக்கவசத்தின் எடையைத் தாங்காது. ஆகவே அப்பருவத்தில் பேருந்தோ ஆட்டோவோ தவிர வேறு நல்ல வழி இல்லை. செலவு கூடும் என்பதை அறிவோம். அதனால்தான் சந்திப்பு நாளையும் தடுப்பூசி நாளையும் ஒன்றாக அமைத்துத் தருமாறு எங்களிடம் கேளுங்கள் என்கிறோம்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்கு

ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்றும், தாய் நாள் ஒன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் அதே 2017 திருத்தம் கூறுகிறது. காப்பகத்தைப் பார்க்கச் செல்கையில் பொம்மைகளை எண்ணாதீர்கள், தரையைப் பாருங்கள். விரிப்பு உண்டா, குழந்தைகள் அதில் கிடக்கின்றனவா, அல்லது எல்லாரும் தொட்டிலிலேயே இருக்கின்றனரா என்று கவனியுங்கள். பாட்டியோ பக்கத்து வீட்டாரோ பார்த்துக்கொள்வதாயின், விடுப்பு முடிய இரண்டு வாரங்கள் இருக்கும்போதே அவர் கையால் குப்புறக் கிடத்தும் பழக்கம் தொடங்கட்டும்.

எப்போது வர வேண்டும்?

நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காமை. துணிபோல் துவண்ட உடல் அல்லது விறைத்த கைகால். மூன்று மாதம் கடந்தும் எப்போதும் இறுக மூடிய கைகள். ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல். தூக்கும்போது கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளுதல். முகத்தைப் பின்தொடராத கண்கள். முன்பு செய்ததை இப்போது செய்யாமை. இவற்றுள் ஒன்றிருந்தாலும் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம். தலை திடீரெனக் கவிழ்ந்து, கைகள் விரிந்து உதறும் அசைவு கொத்துக் கொத்தாக வந்தால் அன்றே வர வேண்டும். அது பழக்கமன்று, ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கே வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ வழி காட்டுவர்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கே வேறு. ஒரு பாட்டியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளின் பணிக்குத் துணையாகத் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். நான்கரை மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, "மூன்று முறை உரம் எடுத்தாயிற்று, தலை நிற்கவில்லை ஐயா" என்றார். பிறந்தது 33 ஆம் வாரத்தில் என்பது பேச்சினிடையேதான் தெரிந்தது. நிறைமாதமான 40 வாரங்களுக்கு ஏழு வாரம் குறைவு. அந்த ஏழு வாரத்தைக் கழித்தால் குழந்தையின் அகவை மூன்று மாதத்தை எட்டவில்லை. அதற்கேற்ற வளர்ச்சி அவனிடம் இருந்தது; பாயில் கிடத்தியபோது முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். தேவைப்பட்டது தரையும் நேரமும் மட்டுமே. இனி உரம் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "முதலிலேயே யாரும் சொல்லவில்லையே" என்றார். இவ்வாறு வாரங்களைக் கழித்துக் கணக்கிடும் முறையை இரண்டு வயது வரை கைக்கொள்ள வேண்டும்.

ஆகவே எங்களிடம் வரும்போது பிறப்பின்போது தரப்பட்ட மருத்துவமனைச் சுருக்க அறிக்கையையும், தாய் சேய் நல அட்டையையும் எடுத்து வாருங்கள். குழந்தை வீட்டுத் தரையில் குப்புறக் கிடக்கும் ஒரு நிமிடக் காட்சியைக் கைப்பேசியில் பதிந்து வந்தால் இன்னும் நல்லது. மருத்துவமனை வெளிச்சத்தில் அழும் குழந்தை, வீட்டில் செய்வதை எங்களுக்குக் காட்டுவதில்லை. மகப்பேறு விடுப்பு முடியும் தேதியையும் மறவாமல் சொல்லுங்கள். பயிற்சி நாள்களை அதற்கு முன்னரே அமைக்க இயலும்.